உள்ளே விடாத இரண்டு அங்குலம்

காலை ஆறு ஐம்பதுக்குச் செய்தி வந்தபோது மிக்கேலம்மாள் கொடியில் காய்ந்த ஒரு டி-ஷர்ட்டை எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது யாருடைய டி-ஷர்ட் என்று அவளுக்குத் தெரியாது. வேலம்பாளையத்தில் அந்த வரிசை வீடுகள் எட்டுக்கும் சேர்த்து ஒரே கொடி. புதிதாக ஒரு துணி அதில் தொங்கினால் அவளால் சும்மா கடந்துபோக முடியாது. “மூஞ்சி எல்லாத்துக்கும் நல்லாத்தான் இருக்கும். வயித்தத் தெறந்து பாத்தாத்தான தெரியும்” என்பாள்.

கைப்பேசியில் பேசியவர் ஊத்துக்குளி சாலையில் இருக்கும் கன்னியர் மடத்தின் தலைவி, மதர் ஜெயசுதா.

“அக்கா, நம்ம பனிமயம் போயிட்டாங்க. ஆறரைக்கு. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலேயே.”

பனிமயம் மிக்கேலம்மாளின் தங்கை. சிறுநீரகம் கெட்டு இரண்டு வருஷமாக டயாலிசிஸ்.

“பத்தரை மணிக்கு மடத்துக்குக் கொண்டு வந்துருவோமுங்க. நாலு மணிக்குப் பூசை. நாளைக்குப் பெரிய வியாழன், அப்புறம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் அடக்கப் பூசை வைக்க முடியாது. அதனால இன்னைக்கே. இன்னொண்ணுங்க. அவங்க கல்யாண அங்கி பெட்டியில இருக்குது. இப்ப இருக்கிற உடம்புக்கு அது பத்தாது. உள்ள விட்டுத்தான தச்சிருப்பீங்க. சித்த வந்து பிரிச்சு விட்டுக் குடுத்துருங்க.”

“வாரேன்” என்றாள் மிக்கேலம்மாள். டி-ஷர்ட்டை மறுபடி நேராகத் திருப்பி, இரண்டு தோளிலும் கிளிப் போட்டுக் கொடியில் மாட்டினாள். பிரித்துவிட அந்த அங்கிக்குள் ஒன்றும் இல்லை என்று உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று அந்த நேரத்தில் நினைத்திருந்தாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாகும்வரை இந்த வாழ்க்கைதான் என்று ஒரு கன்னியாஸ்திரி பீடத்தின் முன் நின்று வாக்குக் கொடுக்கும் சடங்குக்கு நித்திய வார்த்தைப்பாடு என்று பெயர். அன்று உடுத்துகிற வெள்ளை அங்கியை மறுநாள் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். அப்புறம் அது ஒரே ஒரு நாள்தான் வெளியே வரும். கிறிஸ்துவுக்கு மணப்பெண்ணாக எந்த உடையில் வந்தாளோ, அதே உடையில்தான் அவரிடம் போய்ச் சேர வேண்டும். வேறு உடை கூடாது. மடத்தில் அதைக் கல்யாண அங்கி என்றுதான் சொல்வார்கள். பனிமயத்தின் கல்யாண அங்கியைப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வெட்டித் தைத்தவள் மிக்கேலம்மாள்.

மிக்கேலம்மாளுக்கு ஐம்பத்தோரு வயது. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து புருஷன் ராஜபாண்டியோடு திருப்பூருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. ராஜபாண்டி இறந்து ஆறு வருஷம். பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் அவள் சாம்பிள் டெய்லர். லட்சம் உருப்படி தைப்பதற்கு முன்னால், வெளிநாட்டுக்காரன் பார்த்துச் சரி சொல்வதற்காக ஒற்றை உருப்படி போகுமே, அது அவள் கையிலிருந்து போவது. டேப்பை எடுப்பது அபூர்வம். ஆளைப் பார்த்தே அளவு சொல்வாள். மனிதர்களையே அளவால்தான் குறிப்பிடுவாள். “அந்த எக்செல் சூப்பர்வைசர் வந்துட்டானா?” “பாக்க மீடியம், வாயி டபுள் எக்செல்.” பங்குச் சாமியாரை ஒருதரம் ‘ஸ்மால்’ என்று சொல்லிவிட்டு உடனே இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

அவள் செய்த தப்பு இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. பனியன் துணி இழுத்தால் கொடுக்கும். அதற்குத் தையலுக்கு வெளியே துணி மிச்சம் வைக்க வேண்டியதில்லை. ஓவர்லாக் மெஷின் ஒரு பக்கம் தைத்துக்கொண்டே போக, அதிலேயே இருக்கும் கத்தி விளிம்பில் மிஞ்சுவதை வெட்டிக்கொண்டே வரும். கம்பெனியில் அது குறை அல்ல, சுத்தம். ஆனால் மடத்து அங்கி டெரிகாட்டன். இழுத்தால் வராது. அதனால் பக்கவாட்டில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பார்கள். இருபத்தேழு வயதில் போட்டது எழுபது வயது உடம்புக்கும் பிரிந்து கொடுக்க வேண்டுமே. மடத்திலிருந்து வந்த அளவுச் சீட்டிலும் அப்படி எழுதியிருந்தது. மிக்கேலம்மாள் அதைப் படித்தாள். ஆனால் அங்கியைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் மெஷினில் வைத்ததும் கை தன் பழக்கத்தில் போய்விட்டது. ஓட்டி முடித்து எழுந்தபோதுதான் பார்த்தாள், காலடியில் வெள்ளை நாடாவாகத் துணி சுருண்டு கிடந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வார்த்தைப்பாட்டு நாளில் அங்கி அத்தனை கச்சிதமாக இருந்தது. ஊரில் கல்யாணத்துக்கு அடிப்பதுபோலப் பத்திரிகை அடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள். தாய்மாமன் மாலை கொண்டுவந்தார். பனிமயம் தலையில் பூமுடியோடும் கையில் மெழுகுவத்தியோடும் நடந்து வந்தாள். ஆயர் அவள் விரலில் மோதிரம் போட்டார். கம்பெனி வேனில் வந்திருந்த பெண்களில் பாதிப் பேர் கோயிலுக்குள் கால் வைப்பதே அன்றுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுச் சாரதாமணி கழுத்தை நீட்டி நீட்டித் தேடிவிட்டு, “ஏனுங்க்கா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க யாரையுங் காணோம்?” என்று கேட்டாள். மிக்கேலம்மாள் வரிசையாக நின்ற கன்னியர்களைக் காட்டினாள். “அந்தா நிக்காகல்ல, அம்பது மாமியாரு.”

ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு அவள் சம்மதித்தே இருக்கவில்லை. பனிமயமும் அதே கம்பெனியில் செக்கிங்கில் இரண்டு வருஷம் பிசிறு வெட்டியவள். அவளுக்கு ஒரு கட்டிங் மாஸ்டரைப் பேசி முடிக்கிற நேரத்தில் அவள் மடத்துக்குப் போய்விட்டாள். அக்கா ஒரு வருஷம் பேசவில்லை. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு நாள் குறித்தபோது அங்கி தைத்துக் கொடுத்தாள். அந்த நாளிலிருந்து, வீட்டில் மாட்டியிருக்கிற திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் அவள் கால் நீட்டி உட்காருவதில்லை. தங்கச்சி மாப்பிள்ளைக்கு முன்னால் எப்படி நீட்டுவது? செபம் சொல்லும் நேரம் போக மற்ற நேரங்களில் மாப்பிள்ளையிடம் பேசுகிற மாதிரியேதான் படத்திடம் பேசுவாள். “ஊரெல்லாம் பொண்டாட்டி உங்களுக்கு. எந் தங்கச்சி ஒருத்திக்கு ஒடம்புக்கு முடியல. ஒரு எட்டு எட்டிப் பாக்குறீகளா?”

அன்று காலை படத்தின் பக்கமே திரும்பவில்லை. டேப்பையும் கத்தரியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சாரதாமணி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

பாலம் தாண்டியதும் மிக்கேலம்மாள்தான் ஆரம்பித்தாள்.

“ஒரு துணிய நாலு இஞ்ச் பெருசாக்கணும். உள்ள துணியே இல்ல. என்ன செய்வ?”

“புதுசு தச்சுப்போட்டுருவேனுங்க்கா.”

“புதுசு கூடாது. அதேதான் வேணும்.”

சாரதாமணி யோசித்தாள். பதினெட்டு வருஷம் செக்கிங்கில் இருந்தவள் பொய் சொல்லமாட்டாள். “அது ரிஜெக்ட்டுங்க்கா.”

“ஆமா” என்றாள் மிக்கேலம்மாள். “வண்டிய கொஞ்சம் வேகமா விடு தாயி.”

மடத்துக் கோயிலில் சிலுவையையும் புனிதர்களின் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். தவக்காலத்தின் கடைசி நாட்களில் அப்படி மூடுவது முறை. மிக்கேலம்மாளுக்கு அது தெரியாதது அல்ல. வருஷாவருஷம் பார்த்ததுதான். ஆனாலும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“பாத்தியா. பொண்ணு வார அன்னைக்கு மாப்பிள்ள மொகத்த மூடிக்கிட்டு நிக்காக.”

சாரதாமணி செருப்பைக் கழற்றிவிட்டு அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

தையல் வகுப்பு அறையில், மேஜை மேல் தகரப் பெட்டியை வைத்து மதர் திறந்தார். ஒரு செபமாலை, இரண்டு போட்டோ, அடியில் பழைய வேட்டியில் சுற்றிய அங்கி. மதர் அதை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினார். மிக்கேலம்மாள் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிய வேகத்தில் உள்பக்கம் திருப்பினாள்.

இடது அக்குளுக்குக் கீழே நாலு விரல் நீளத்துக்கு அவளுடைய ஓவர்லாக் தையல் இல்லை. யாரோ பிரித்திருந்தார்கள். பிரித்ததை மறுபடி கையால் தைத்து மூடியிருந்தார்கள். தையல் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும், கோணல்மாணலாகப் போனது. முடிச்சு மட்டும் ஒவ்வொரு இடத்திலும் பிசிறில்லாமல் வெட்டியிருந்தது. செக்கிங் கை. தைக்கத் தெரியாத கை. அதை அவள் ஆயிரம் துணிக்கு நடுவிலும் கண்டுபிடிப்பாள்.

“இதப் போட்டுப் பாத்தாளா?” என்று கேட்டாள்.

“ரெண்டு மாசம் முன்னாடிங்க. கதவச் சாத்திட்டு ஒரு மணி நேரம் இருந்தாங்க. நான் தட்டுனதும் எல்லாத்தையும் மடிச்சு வெச்சுட்டு வந்து தெறந்தாங்க. என்னங்க சிஸ்டர், அங்கி பத்துதானு கேட்டேன். ‘அக்கா நல்லாத் தச்சிருக்கா மதர், ஒண்ணும் கவலையில்ல’ன்னாங்க.”

மிக்கேலம்மாள் அந்தக் கோணல் தையல்மீது கட்டை விரலை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள்.

“மதர், உள்ள துணி இல்ல.”

“அப்படின்னா என்னங்க?”

“விடலீங்க. ஓவர்லாக்குல ஓட்டுனேன். அது வெட்டிருச்சு. நாந்தான் வெட்டுனேன்.”

மதர் அங்கியை வாங்கி, ஓரத்தை விரலால் பிரித்துப் பார்த்தார். அவருக்குத் தையல் தெரியும்.

“சீட்டுல எழுதி அனுப்பியிருந்தனே அக்கா.”

“எழுதியிருந்துச்சு.”

“அந்தச் சீட்ட எழுதுனதே நான்தானுங்க.”

“தெரியும். ஒங்க கையெழுத்துதான்.”

மதர் ஜெயசுதா தாராபுரத்துக்காரர். கோபம் வந்தாலும் ‘ங்க’ குறையாது. ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். “சாமியார் நாலு மணிக்குப் பூசை வெச்சு அஞ்சரைக்குள்ள முடிக்கோணும். அப்புறம் மூணு ஊர்ல பாவசங்கீர்த்தனம் கேக்கப் போகோணும். மாத்த முடியாதுங்க. முதுகுல நடுவுல கத்தரிச்சு விட்டுருவோம். ரெண்டு பக்கமும் உடம்புக்கு அடியில சொருகிட்டா முன்னாடியிருந்து பார்க்க நல்லாத்தான் இருக்கும். படுத்துட்டுத்தானுங்க இருக்காங்க. யாரும் திருப்பிப் பார்க்கப் போறதில்லை.”

“யாரும் திருப்பிப் பாக்க மாட்டாகன்னு இதுவரைக்கும் ஒரு சாம்பிள் நான் அனுப்புனதில்ல மதர்.”

“இது சாம்பிள் இல்லீங்க அக்கா.”

“அதான் சொல்லுதேன். முதுகு கிழிஞ்ச கல்யாணத் துணியோட எந் தங்கச்சி அவுக வீட்டுக்குப் போக மாட்டா. நான் அனுப்ப மாட்டேன்.”

மதர் திரும்பினார். “ரெண்டரை வரைக்குந்தானுங்க. அதுக்கு மேல ஆச்சுன்னா நானே கத்தரிய எடுத்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது.”

மதர் போனதும் மிக்கேலம்மாள் அங்கியின் கீழ் ஓரத்தைப் பிடித்துத் தடவினாள். ஆறு அங்குல மடிப்பு. அந்த ஒரு இடத்தை மட்டும் சாதாரண மெஷினில் தைத்ததால் ஓவர்லாக் கத்திக்குத் தப்பியிருந்தது. மடிப்பில் ஒரு அங்குலத்தை விட்டுவிட்டு ஐந்து அங்குலத்தைச் சுற்றிலும் நறுக்கினால் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கைக்கும் ஒட்டுத் துண்டு கிடைக்கும். அதே துணி, அதே நாள் துணி. சாரதாமணி பிளேடால் நூலைப் பிரித்துக்கொண்டே வந்தாள். மடிப்பு திறந்ததும் அவள் பிளேடை நிறுத்தினாள்.

உள்ளே இருந்த துணி பால் வெள்ளை. வெளியே இருந்தது பழுப்பேறி, பல் நிறத்துக்கு வந்திருந்தது. வெள்ளையில் பத்து வெள்ளை பார்த்துப் பிரிக்கிற ஊர் திருப்பூர். சேடு என்று சொல்கிற நிறச் சாயல் மாறினால் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“சேடு அடிக்குதுங்க்கா” என்றாள் சாரதாமணி மெதுவாக.

“கைக்கு அடியில வரும். கைய ஒட்டி வச்சுக் கும்பிடப் போட்டா தெரியாது.”

“தெரிஞ்சா?”

“மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா தெரியட்டும்.”

பத்து நாற்பதுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. கன்னியர்கள் ஸ்ட்ரெச்சரைக் கூடத்துக்கு இறக்கினார்கள். மிக்கேலம்மாள் பக்கத்தில் போய்த் தங்கையின் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு பார்வையாலேயே அளவெடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. முகம், கழுத்து, கை எல்லாம் நீர் கோத்து வேறொருத்தியாக இருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அவள் டேப்பைப் பிரித்து அளந்தாள். மார்புச் சுற்று அன்றைக்கு முப்பத்திநாலு. இன்றைக்கு நாற்பத்தொன்று. சாரதாமணி எழுதிக்கொண்டாள். அந்த உடம்புக்கு என்ன சைஸ் என்று மிக்கேலம்மாள் சொல்லவில்லை.

மடத்து மெஷின் காலால் மிதிக்கிறது. அவள் கால் மோட்டாருக்குப் பழகிவிட்டது. முதல் ஐந்து நிமிஷம் தையல் முன்னும் பின்னும் குதித்தது. பதினொன்றரைக்குக் கைப்பேசி அடித்தது. கம்பெனியிலிருந்து முனீஸ். அவனும் தெற்கத்திக்காரன்தான், சாம்பிள் பிரிவுக்கு சூப்பர்வைசர்.

“யக்கா, பன்னெண்டு மணிக்கு சாம்பிள் கூரியர்ல போகணும். எங்க இருக்கீக?”

“மடத்துல.”

“எப்ப வருவீக?”

“தங்கச்சி செத்துட்டாடா.”

அவன் குரல் இறங்கியது. “அப்ப அந்தக் காலரு யாருக்கா வப்பா?”

“நீ வய்யி. வச்சுட்டுத் திருப்பிப் பாரு.”

கைப்பேசியை வைத்துவிட்டு மிதித்தாள். பன்னிரண்டு, பன்னிரண்டே முக்கால். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கத்துக்கு வந்தபோது, பனிமயம் கையால் தைத்த நாலு விரல் தூரத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. சாரதாமணி பிளேடை எடுத்தாள். “அத விடு” என்று மிக்கேலம்மாள் தானே வாங்கி, ஒவ்வொரு தையலாக, நூல் அறாமல் உருவி எடுத்தாள். அதற்கு மட்டும் பத்து நிமிஷம் போனது. சாரதாமணி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆனால் வேறொன்றைக் கேட்டாள்.

“ஏனுங்க்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்கள்ல புருசன் இருக்கையில போறவளச் சுமங்கலினு மஞ்சப் பூசி, பூ வெச்சு அனுப்புவோமுங்க. இவங்க எப்படிப் போறாங்க? கன்னியாவா, சுமங்கலியாவா?”

“ரெண்டுமாத்தான்.”

“ரெண்டும் எப்படிங்க ஆகும்?”

“கட்டிக்கிட்டது யாருன்னு பாரு. செத்து மூணாம் நாள் எந்திரிச்சவுக. அவுகளுக்கு இனிமே சாவு கெடையாது. அப்பொறம் இவ தாலிய யாரு அறுக்க? இந்த மடத்துல இத்தன பொம்பளைக இருக்காகல்ல, ஒருத்தி அறுத்தவ கெடையாது.” ஒட்டுத் துண்டை மெஷின் பாதத்துக்குக் கீழே தள்ளினாள். “நான் ஒருத்திதான் இங்க அப்பிடி உக்காந்திருக்கேன்.”

ஊரில் என்றால் கல்யாணத் துணியை இப்போது அவள் தொடக்கூட விடமாட்டார்கள். சாரதாமணி பிரித்த நூல்களைப் பொறுக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஒட்டுத் துண்டுகள் பொருந்துகிற இடத்தைப் பார்த்தபோது மட்டும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. இரு ஓரத்திலும் முக்கால் அங்குலம் உள்ளே மடித்து விட்டிருந்தது. அதைவிடக் கூடுதலாக விட அந்தத் துண்டில் துணி இல்லை.

“இனி யாருக்குங்க்கா பிரிச்சு விடப் போறோம்?”

மிக்கேலம்மாள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

இடது கையை இணைக்கும்போது தடித்த மடிப்பில் ஊசி ஒடிந்தது. வகுப்பு அலமாரியில் தேடி வேறு ஊசி எடுத்துப் போட்டார்கள். ஐந்து நிமிஷம். இரண்டு இருபத்தைந்துக்கு மதர் வந்து வாசலில் நின்றார். கையில் பெரிய கத்தரி இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. மிக்கேலம்மாளும் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு முப்பத்தைந்துக்குச் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தி, அங்கியை எடுத்து, உள்பக்கம் வெளியே இருக்க மதரிடம் கொடுத்தாள்.

மதர் இரண்டு ஓரத்தையும் அக்குளிலிருந்து பாதம்வரை விரலால் தடவிக்கொண்டே போனார். கத்தரியை மேஜையில் வைத்தார்.

“கீழ் ஓரம் மடிக்கலீங்களே?”

“பின்னாடி மடிச்சுட்டேன். முன்னாடிய உடுத்துனப்பறம் கையால மடிச்சுத் தச்சுருதேன். குண்டூசி குத்தி வச்சுருக்கு.”

அங்கியை உடுத்தினார்கள். தோள் உட்கார்ந்தது, மார்பு மூடியது, கை முட்டிக்குக் கீழே இறங்கியது. பொருந்தியதும் கன்னியர்களில் ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள். மிக்கேலம்மாள் அழவில்லை. அவள் அக்குள் பக்கத்தில் வெள்ளை தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். கையைச் சேர்த்துக் கட்டியபோது மறைந்தது.

மோதிரம்தான் மிச்சம். விரல் வீங்கியதிலிருந்து பனிமயம் அதைக் கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். அடக்கத்தின்போது விரலில் இருக்க வேண்டும் என்பது முறை. மதர் கழற்றிச் சுண்டு விரலில் போட்டுப் பார்த்தார். முதல் கணுவைத் தாண்டவில்லை. எண்ணெய் தடவலாமா என்று கேட்டார்.

“கழுத்துலயே கெடக்கட்டும் மதர்” என்றாள் மிக்கேலம்மாள். “அங்க கெடந்தாலும் அதுதான.”

சாரதாமணி கறுப்பு நூலை வாங்கி, பனிமயத்தின் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டாள். மூன்று முடிச்சு. யாரும் அவளிடம் அப்படிப் போடச் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

மூன்று பத்துக்குச் சவப்பெட்டிக்குள் வைத்துத் தலையில் பூமுடி வைத்தார்கள். மிக்கேலம்மாள் பெட்டியின் கால்மாட்டில் முழங்காலிட்டு, ஊசியில் நூல் கோத்து, வலது பக்கத்திலிருந்து ஓரத்தை மடித்துத் தைக்க ஆரம்பித்தாள். வெளியே தெரியாத தையல். ஒவ்வொரு தடவையும் ஊசி ஒரே ஒரு இழையை மட்டும் எடுக்கும். அவசரமாகப் போட முடியாது. பங்கு மக்கள் வரிசையாக வந்து பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவர்களுடைய கைகளுக்கு நடுவில் அவள் கை போய்க்கொண்டிருந்தது. ஒரு கிழவி, “ஏம்மா, அத இப்ப வந்து தைக்கிற” என்றாள். அவள் தலை நிமிரவில்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டே வந்தாள். வலது பக்கம் முடிந்தது. முன்பக்கம் முடிந்தது. இடது பக்கம் திரும்பியபோது கோயில் மணி அடித்தது. பாட்டுக் குழு ஆரம்பித்தது. நாலு கன்னியர்கள் வந்து பெட்டியின் பிடியில் கை வைத்தார்கள்.

“அக்கா, தூக்கோணுமுங்க” என்றார் மதர்.

மிக்கேலம்மாள் ஒரு தையல் போட்டாள். இன்னொன்று போட்டாள்.

“அக்கா.”

அவள் ஊசியை மடிப்பில் செருகினாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வழி விட்டு நின்றாள். நூலை அறுக்கவில்லை. இடது பக்கத்தில் ஒரு சாண் நீளம் ஓரம் தைக்காமல் இருக்கிறது.